அல்ஜிரா, டோலிங்காவா? அஸ்தானாவில் கையில் ஒரே ஒரு நாள்

மதியவெயில் | ஏப்ரல் 3, இரவு 9.40

மே மாதம் கசாக்ஸ்தான் தலைநகர் அஸ்தானா. வேலை முடிந்தபின் ஒரு முழு நாள் மிச்சம். ஸ்டாலின் கால முகாம் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்க்க வேண்டும். பெண்கள் முகாமாக இருந்த அல்ஜிர் பக்கத்தில்தான் என்கிறார்கள். ஆனால் அங்கே அசலாக ஒன்றுமே இல்லை, 2007இல் கட்டிய வளைவும் கருங்கல்லும்தான், உண்மையான முகாம் கட்டடம் கரகண்டா பக்கம் உள்ள டோலிங்காவில்தான் என்று படித்தேன். அப்படியென்றால் அல்ஜிர் வீண்தானே?

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 3, இரவு 10.25

வீண் இல்லை. நீங்கள் படித்தது பாதி சரி, முடிவு தப்பு.

அல்ஜிர் இருந்த அக்மோல் கிராமத்தில் முகாம் கொட்டடிகள் மிஞ்சவில்லை. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அச்சில் அறுத்துக் காயவைத்த பச்சைச் செங்கல் அது, கைதிப் பெண்களே அறுத்தது. கவனிப்பு நின்றால் மழையும் பனியும் கரைத்துவிடும். மிஞ்சியது காகிதம்: கைதி அட்டைகள், கடிதங்கள், பிற்காலச் சான்றிதழ்கள். டோலிங்காவில் நேர் எதிர். கட்டடம் அசல், தூண் வைத்த இரண்டு மாடி. 1931 முதல் 1959 வரை இருந்த கார்லாக் முகாமின் தலைமை அலுவலகம் அதுதான். ஆனால் உள்ளே ஜோடனை நிறைய. காகிதம் படிக்கப் பொறுமை இருந்தால் அல்ஜிர், கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் டோலிங்கா.

ஒரே நாள் என்றால் அல்ஜிர்தான். அஸ்தானாவிலிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ., காரில் முக்கால் மணி முதல் ஒரு மணி. டோலிங்காவுக்கு முதலில் கரகண்டா போக வேண்டும், அதுவே 200 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து தென்மேற்கே இன்னொரு 45 கி.மீ. போய்த் திரும்பினால் நாளின் பெரும்பகுதி சாலையில் போய்விடும்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 3, இரவு 10.50

விட்டுப்போனது, பெயர்க் குழப்பம். கிராமம் அக்மோல், பழைய பெயர் மாலினோவ்கா. சுற்றியுள்ள மாகாணம் அக்மோலா. அஸ்தானா நகரமே 1992 முதல் 1998 வரை அக்மோலாதான். அதற்கு முன் 1961 முதல் செலினோகிராத், அதற்கும் முன் அக்மோலின்ஸ்க். 2019இல் நூர்-சுல்தான் ஆகி 2022இல் மறுபடி அஸ்தானா. யாண்டெக்ஸ் வாடகைக் கார் செயலியில் ஊர்ப்பெயரை மட்டும் அடித்தால் கார் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஊரை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தின் பெயரைத் தேடி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 2ஜிஐஎஸ் வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.

போக கார் சுலபமாகக் கிடைக்கும். திரும்பத்தான் சிக்கல். கிராமத்தில் நின்று அழைத்தால் நகரத்திலிருந்து காலியாக 40 கி.மீ. ஓடி வர யாரும் முன்வருவதில்லை. எனவே அதே ஓட்டுநரிடம் காத்திருப்புக் கூலியும் சேர்த்துப் பேசி நிறுத்திவிடுங்கள். இரண்டரை மணி என்று சொல்லுங்கள், ஒரு மணி என்று பேசிவிட்டு உள்ளே போனால் அவசரம்தான் மிஞ்சும். கையில் சில்லறைத் தெங்கே (கசாக் நாணயம்) வேண்டும். அங்கே எல்லோரும் காஸ்பி செயலியில் பணம் மாற்றிக்கொள்வார்கள், வெளிநாட்டுப் பயணியிடம் அது இருக்காது.

திங்கட்கிழமை வேண்டாம். விடுமுறை.

மதியவெயில் | ஏப்ரல் 4, காலை 7.15

நன்றி. "அல்ழிர்" என்றுதான் சொல்ல வேண்டுமா? ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டிருக்கிறார்கள்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 4, காலை 8.02

நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் சந்தேகம்! தமிழ் ழகரம் இல்லை. பிரெஞ்சு ஜகரம் போல, ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவில் ஒரு ஒலி. ரஷ்ய மொழியில் அல்ஜீரியா நாட்டுக்கும் இதே சொல், எழுத்துகூட மாறாது. தேடினால் பாதிப் பக்கம் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும்.

விரித்தால் "அக்மோலின்ஸ்கி லாகெர் ஜ்யோன் இஸ்மென்னிகோவ் ரோதினி", தாயகத் துரோகிகளின் மனைவியருக்கான அக்மோலின்ஸ்க் முகாம். இது அதிகாரப்பூர்வப் பெயர் அல்ல. ஆவணங்களில் கார்லாகின் 17ஆம் பெண்கள் முகாம் பிரிவு, பேச்சு வழக்கில் "26ஆம் புள்ளி". காட்சிப் பெட்டிகளில் அல்ஜிர் என்று தேடினால் கிடைக்காது, 17 என்ற எண்ணைத் தேடுங்கள்.

தண்டவாளம் | ஏப்ரல் 4, மதியம் 1.30

வளைவுக்கு அருகில் ஸ்தோலிப்பின் ரயில்பெட்டி ஒன்றும் நிற்கிறதே, அதைச் சொல்லவில்லையே?

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 4, மாலை 6.10

ஆமாம், ஸ்தோலிப்பின் பெட்டி நிற்கிறது. தனியே பத்து நிமிடம் வையுங்கள்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 4, மாலை 6.45

தப்பு, திருத்துகிறேன். கேட்டவர் சொன்னதை அப்படியே வழிமொழிந்துவிட்டேன். ஸ்தோலிப்பின் என்பது பயணிகள் பெட்டியை மாற்றிச் செய்த சிறைப்பெட்டி. பக்கவாட்டில் நடைபாதை, கம்பிக் கதவு வைத்த அறைகள். அக்மோலில் நிற்பது சரக்குப் பெட்டி, ரஷ்யர்கள் தெப்லுஷ்கா என்பார்கள். அருங்காட்சியகம் "ஸ்டாலின் பெட்டி" என்கிறது, குழப்பம் அதனால்தான்.

தெப்லுஷ்காவின் அமைப்பு இது. நடுவில் இழுவைக் கதவு, இரு புறமும் இரண்டடுக்குப் பலகைத் தட்டு, மையத்தில் இரும்பு அடுப்பு, கூரையை ஒட்டிச் சின்னத் திறப்புகள். பழைய பெட்டிகளில் வெளியே எழுதியிருக்கும் கணக்கு 40 ஆட்கள் அல்லது 8 குதிரைகள். உள்ளே நின்று பார்த்தால் தெரியும்: அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேகும், பலகைச் சுவரை ஒட்டிப் படுப்பவரின் தலைமுடி உறைந்து ஒட்டிக்கொள்ளும். முதல் தொகுதிப் பெண்கள் வந்து இறங்கியது 1938 ஜனவரியில். அந்தப் புல்வெளியில் ஜனவரி என்றால் மைனஸ் 30 சாதாரணம்.

தண்டவாளம் | ஏப்ரல் 4, இரவு 7.20

ஒப்புக்கொள்கிறேன். குதிரைக்கு மனிதனைப் போல் ஐந்து மடங்கு இடம் கொடுத்த கணக்கு.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 5, காலை 6.30

பார்க்கும் வரிசை. மே மாதமென்றால் முதலில் கட்டடத்துக்குள், பிறகு கைதிகளின் பெயர் பொறித்த கருங்கல் சுவர், கடைசியில் வளைவு. பெரும்பாலோர் வாசலில் இருக்கும் 18 மீட்டர் "துயர வளைவில்" படம் எடுக்கத் தொடங்கி, உள்ளே போகும்போது களைத்துவிடுகிறார்கள். வளைவின் வடிவம் கசாக் மணப்பெண்ணின் சவுகேலே என்ற தலையணி. அது தெரிந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

குளிர்காலமென்றால் வரிசையைத் திருப்புங்கள். 2024 மார்ச் 1 முதல் நாடு முழுக்க ஒரே நேர மண்டலம், இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னே. அதனால் டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் போய்விடும். கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், வெளியே பிடித்தால் பேட்டரி பத்து நிமிடத்தில் படுத்துவிடும்.

உள்ளே முதலில் வரும் பகுதி கசாக் அறிவுஜீவிகள், 1931-33 பஞ்சம், 1986 டிசம்பர் கிளர்ச்சி பற்றியது. அல்ஜிருக்கு நேரடித் தொடர்பில்லை. நேரம் குறைவென்றால் வேகமாகக் கடக்கலாம்.

மதியவெயில் | ஏப்ரல் 5, இரவு 10.00

மனைவிகளை எந்தக் குற்றத்துக்காகப் பிடித்தார்கள்? சட்டம் என்று ஏதாவது இருந்ததா?

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 6, காலை 7.40

சட்டமில்லை, உத்தரவு. ஸ்டாலின் கால ரகசியப் போலீசான என்.கே.வி.டி.யின் 00486ஆம் எண் உத்தரவு, தேதி 1937 ஆகஸ்ட் 15. (ஆமாம், அந்தத் தேதிதான். பத்து வருடம் முன்னால்.) முன்னால் இரண்டு பூஜ்யம் இருந்தால் அதிரகசியம் என்று பொருள்.

கணவன் "துரோகி" என்று தீர்ப்பானால் மனைவிக்கு 5 முதல் 8 ஆண்டு முகாம். நீதிமன்றம் இல்லை, சிறப்பு மன்றம் என்ற நிர்வாகக் குழு காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடும். கணவனைத் தானே காட்டிக்கொடுத்தவளுக்கு விலக்கு. பால்குடிக் குழந்தை தாயோடு முகாமுக்கு, ஒன்று ஒன்றரை வயதானதும் அநாதை இல்லம். 15 வயது வரையுள்ள மற்றப் பிள்ளைகள் நேரே அநாதை இல்லத்துக்கு. அதற்கு மேற்பட்டவர்கள் "சமூகத்துக்கு ஆபத்தானவர்கள்" என்று பட்டால் அவர்களுக்கும் முகாமோ சீர்திருத்த உழைப்புக் காலனியோ.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ராகில் மெஸ்ஸெரர் குடும்பம். கணவர் மிகாயில் பிளிசெட்ஸ்கி 1938 ஜனவரியில் சுடப்பட்டார். ராகில் கைக்குழந்தை அஸாரியோடு அல்ஜிருக்கு வந்தார். மூத்த மகளுக்கு வயது 12, உத்தரவுப்படி அநாதை இல்லம் போக வேண்டியவள். சித்தி சுலாமித் தத்தெடுத்ததால் தப்பினாள். அந்த மகள்தான் பின்னாளில் பாலே மேடையை ஆண்ட மாயா பிளிசெட்ஸ்காயா.

மோர்மிளகாய் | ஏப்ரல் 6, மாலை 4.15

கல்லெறிந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 6, இரவு 8.30

வேண்டுமென்றே விட்டேன், கேட்டுவிட்டீர்கள். முகாமை ஒட்டிய ஜலனாஷ் ஏரியில் நாணல் வெட்டும் கைதிப் பெண்கள் மீது உள்ளூர்க் கசாக் முதியவர்களும் சிறுவர்களும் கல் எறிகிறார்கள். "பார், உங்களை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று காவலர்கள் சிரிக்கிறார்கள். ஒருத்தி தடுக்கி விழுந்தபோது கல்லில் பால் வாசனை. அது குர்த். தயிரை வடிகட்டி உப்பிட்டு உருட்டி வெயிலில் காயவைத்தது. நம் வடகம், மோர்மிளகாய் ஜாதி (உங்கள் பெயருக்குப் பொருத்தம்).

முன்னாள் கைதியின் வாய்மொழியாக வந்த கதை இது, முகாம் பதிவேட்டில் இருக்காது. வழிகாட்டிக்கு வழிகாட்டி விவரம் மாறும். மாறுகிறது என்பதால் பொய்யென்று ஆகாது, ஆனால் ஆவணத்தோடு ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. நாணல் மட்டும் உறுதி: கொட்டடிகளுக்கு எரிபொருளே அதுதான். காய்ந்த நாணல் சட்டென்று பற்றிச் சட்டென்று அணையும், இரவு முழுக்க ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

குர்த் வாங்கினால் கடிக்காதீர்கள். வாயில் ஒதுக்கிச் சப்புங்கள், பல்லுக்கு நல்லது.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 8, இரவு 11.10

காகிதம் காகிதம் என்றேனே, படிக்கும் முறை இது.

அச்செழுத்துக்குக் கைபேசி மொழிபெயர்ப்பு போதும், ரஷ்ய மொழிக்கோப்பை முன்பே இறக்கி வையுங்கள். பெயர்ச் சுவருக்கு நாலு எழுத்து தெரிந்தால் போதும். ஒரு வயிறு வைத்த ஆங்கில "பி" = ர. இரண்டு வயிறு வைத்த "பி" = வ. "சி" = ஸ. "எச்" = ந. பளபளப்பான கருங்கல், உச்சி வெயிலில் உங்கள் முகம்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளம் நிழல் கட்டி எழுத்து துலங்கும்.

கையெழுத்தில் மொழிபெயர்ப்புச் செயலி தோற்றுவிடும். ரஷ்யக் கூட்டெழுத்தில் "த" ஆங்கிலச் சின்ன "எம்" மாதிரியும், "இ" சின்ன "யு" மாதிரியும், "ட" சின்ன "ஜி" மாதிரியும் இருக்கும்.

கைதி அட்டையில் குற்றப் பிரிவுக் கட்டத்தைப் பாருங்கள். ஆண்களின் அட்டையில் பெரும்பாலும் 58, பக்கத்தில் உட்பிரிவு: 58-1அ தேசத்துரோகம், 58-10 சோவியத் எதிர்ப்புப் பேச்சு. அல்ஜிர் பெண்களுக்கு எண்ணே இருக்காது, நான்கு எழுத்துதான்: செ-எஸ்-இ-எர். "தாயகத் துரோகியின் குடும்ப உறுப்பினர்" என்பதன் சுருக்கம். சிறப்பு மன்றம் நீதிமன்றம் அல்ல என்பதால் சட்டப் பிரிவுக்குப் பதில் இப்படி எழுத்துப் பிரிவு போட்டது. பே-ஷா என்றால் உளவுச் சந்தேகம். கவனியுங்கள், உளவு அல்ல, சந்தேகம். கா-எர்-தே எதிர்ப்புரட்சி நடவடிக்கை. எஸ்-ஓ-எ சமூக ஆபத்துக் கூறு. வே-எம்-என் கண்ணில் பட்டால் அதிகபட்சத் தண்டனை, சுட்டுக்கொன்றார்கள்.

விடுதலைத் தேதியை நம்பி கழித்தல் கணக்குப் போடாதீர்கள். 1938இல் ஐந்தாண்டு வாங்கியவர் 1943இல் வீட்டுக்குப் போயிருப்பார் என்று தோன்றும். போர் முடியும்வரை பலரைக் "கூலித் தொழிலாளி" என்று பெயர் மாற்றி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதே தையற்கூடம், அதே ராணுவச் சீருடை தைக்கும் வேலை. வேலி மட்டும் காகிதத்தில் இல்லை.

மோர்மிளகாய் | ஏப்ரல் 9, காலை 9.00

காட்சிப் பெட்டியில் ஒரே மனிதருக்கு இரண்டு மரணச் சான்றிதழ் பார்த்த ஞாபகம். ஒன்றில் 1938, மற்றதில் 1943 நிமோனியா. அச்சுப்பிழையா?

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 9, இரவு 9.15

பிழையில்லை, இரண்டும் அரசு முத்திரை போட்டதுதான்.

சுட்டுக் கொன்றதும் குடும்பத்துக்குச் சொன்னது "கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டு". அந்தப் பத்து வருடம் ஓடிய பிறகு மனைவிமார் மனுப் போடத் தொடங்கினார்கள். 1955இல் கே.ஜி.பி. ஒரு உள் உத்தரவு போட்டது: முகாமில் நோயால் இறந்ததாக வாய்மொழியாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அப்படியே சான்றிதழும் கொடுங்கள். தேதியைத் தண்டனைக் காலத்துக்குள் எங்காவது விழ வைப்பார்கள். போர்க்காலம் வசதி, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நோய்க் கட்டத்தில் நிமோனியா, இதய நோய் என்று ஏதாவது.

பிறகு 1980களின் கடைசியில் உண்மைத் தேதியுள்ள சான்றிதழ் வந்தது. எனவே இரண்டு இருந்தால் தேதியில் முந்தியது, காகிதத்தில் பிந்தியது: அதுதான் நிஜம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வழங்கிய தேதியைப் பாருங்கள், எந்த முத்திரை பொய் என்று சட்டென்று தெரியும். வழிகாட்டி இங்கே நிற்பதில்லை, நீங்கள் நில்லுங்கள்.

தண்டவாளம் | ஏப்ரல் 10, காலை 11.40

டோலிங்காவில் "ஜோடனை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் அநியாயம்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 10, இரவு 8.00

சரி. அடித்தளத்தில் மெழுகுப் பொம்மைகள், மங்கல் விளக்கு, விசாரணை அறை, சிறை அறை. செய்தவர்களுக்கு நல்ல நோக்கம்தான். ஆனால் அது நிர்வாகக் கட்டடம். அங்கே அதிகம் நடந்தது மேஜை வேலை: எத்தனை டன் கோதுமை, எத்தனை ஆடு, எந்தப் பிரிவுக்கு எத்தனை ஆள். கார்லாக் ஒரு விவசாய முகாம். கரகண்டா நிலக்கரிக்கும் பல்காஷ், ஜெஸ்கஸ்கான் செம்புக்கும் போன தொழிலாளருக்குச் சோறு போட அமைத்தது. வடக்கு தெற்காகச் சுமார் 300 கி.மீ., கிழக்கு மேற்காக 200 கி.மீ. அங்கிருந்த கிராமங்களைக் காலிசெய்து உண்டாக்கியது.

அதனால் அங்கே பார்க்க வேண்டியது பொம்மையை அல்ல, மாடிப்படியையும் தூணையும். மாளிகை மாதிரி கட்டியிருப்பதே செய்தி. மேல்மாடியில் விஞ்ஞானிகள் பற்றிய பகுதியை விடாதீர்கள். அலெக்சாந்தர் சிஷேவ்ஸ்கி இங்கே கைதியாக இருந்தபடியே ரத்த ஓட்டத்தில் சிவப்பணுக்கள் எப்படி அணிவகுக்கின்றன என்று ஆராய்ந்தார். விடுதலையான பிறகும் 1958 வரை கரகண்டாவிலேயே இருந்தார்.

அதே ஊர் ஓரத்தில் "மமோச்கினோ" கல்லறை, முகாமில் இறந்த குழந்தைகளுடையது. பலகை சின்னது, உள்ளூரில் கேட்டால்தான் வழி தெரியும். கரகண்டாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: ஷக்தின்ஸ்க் போகும் பேருந்துத் தடத்தில்தான் டோலிங்கா, தனிக் கார் தேவையில்லை. அல்மாட்டி சாலையில் தெற்கே சுமார் 35 கி.மீ. போனால் ஸ்பாஸ்க், போர்க்கைதிகளின் புதைகுழிகள். ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி என்று நாட்டுக்கு ஒரு கல். அதற்குப் பேருந்தை நம்ப வேண்டாம்.

தண்டவாளம் | ஏப்ரல் 10, இரவு 8.25

"எங்கே?" என்று கேட்டால் "எங்கே எங்கே, கரகண்டாவிலே!" என்று ரஷ்யர்கள் நக்கலடிப்பார்களே. அதற்கு ஊரில் சிலையே வைத்திருக்கிறார்கள்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 10, இரவு 8.40

வரைபடத்தில் "கராகாண்டி" என்று கசாக் உச்சரிப்பில் இருக்கும். எங்கே என்று தேடுகிறவர்களுக்கு உதவும்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 13, காலை 7.05

ஏப்ரல் 5 குறிப்பில் முதல் பகுதியை வேகமாகக் கடக்கலாம் என்றேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அங்கே துரார் ரிஸ்குலோவ் என்ற பெயரைத் தேடுங்கள். மாஸ்கோவில் ரஷ்யக் குடியரசின் மக்கள் ஆணையர் குழுத் (அதாவது அமைச்சரவையின்) துணைத் தலைவர். கசாக் நாடோடிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று 1932லும் 1933லும் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதியவர். 1938 பிப்ரவரியில் சுட்டார்கள். மனைவி அஸீஸா அல்ஜிருக்கு அனுப்பப்பட்டார். பஞ்சப் பகுதியில் கணவன், முகாம் பகுதியில் மனைவி. நேரடித் தொடர்பில்லை என்று எழுதியது என் அவசரம்.

மதியவெயில் | ஏப்ரல் 13, மதியம் 12.50

அல்ஜிர் கைதிகளின் எண்ணிக்கைதான் ஒத்துப்போகவில்லை. ஓரிடத்தில் 18,000, இன்னோரிடத்தில் 8,000, சுவரில் 7,000 சொச்சம்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 13, இரவு 9.30

மூன்றும் மூன்று கேள்விக்கான பதில். 18,000 என்பது முகாம் வழியாகக் கடந்து போனவர்கள் என்று அருங்காட்சியகம் சொல்வது. 8,000 அங்கேயே முழுத் தண்டனை கழித்தவர்கள். சுவரில் இருப்பது ஆவணத்தில் பெயர் கிடைத்தவர்கள். சுவரை மொத்தம் என்று எடுத்துக்கொண்டால்தான் முரண்.

மே 31 நினைவு நாள். அன்று போனால் உறவினர்கள், தூதரகக் கார்கள், மலர்வளையம். சுவரை நின்று படிக்க முடியாது. உங்கள் தேதி அதில் விழுந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

மதியவெயில் | ஏப்ரல் 14, காலை 6.20

மே 27, செவ்வாய். ஓட்டுநரிடம் மூன்று மணி என்று பேசுகிறேன்.

புல்வெளிக்காற்று | ஏப்ரல் 14, காலை 6.55

சரியான கணக்கு. சான்றிதழ்ப் பெட்டிக்கு அதில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள், வழங்கிய தேதி கீழே முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும்.